மின்படிவங்களில் டிஜிட்டல் கையொப்பம்: செட்டிங்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி டைரக்டர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், தங்கள் அலுவலகத்துக்குப் பிடிஎஃப் படிவம் தயாரிப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டத்தையும் இங்குள்ள அரசுப் போர்ட்டல்களையும் மனதில் வைத்து எழுதியவை. அடோபி ரீடர், விண்டோஸ் இரண்டையும்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அவற்றின் மெனுப் பெயர்களையே சொல்கிறேன்.

பேனாவால் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து படிவத்தில் ஒட்டினால் போதாதா?

போதாது. ஒட்டியது ஒரு படம்தான். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்து இன்னொரு தாளில் ஒட்டலாம்.

டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்யும் விதமே வேறு. நீங்கள் கையொப்பமிடும் நேரத்தில் மென்பொருள் அந்தக் கோப்பு முழுவதையும் பிழிந்து ஒரு சிறிய எண்ணாக மாற்றுகிறது. இதை ஹேஷ் என்பார்கள். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். அந்த எண்ணின் மேல் உங்களிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டுக் கிடைப்பதுதான் கையொப்பம். அதனுடன் சேர்ந்தே போகும் சான்றிதழில் அந்த ரகசியச் சாவியின் ஜோடியான, யாரும் பார்க்கக்கூடிய உங்கள் பொதுச் சாவி இருக்கிறது. படிப்பவரின் கணினி அதை வைத்து இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கிறது: கையொப்பமிட்டது இந்தச் சாவிதானா, அதன் பிறகு கோப்பு மாறியிருக்கிறதா.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 3ஆம் பிரிவில் இந்த முறையைத்தான் டிஜிட்டல் கையொப்பம் என்று ஏற்கிறது. 5ஆம் பிரிவு அதற்குக் கையெழுத்துக்கு உரிய சட்ட மதிப்பைத் தருகிறது. திரையில் பெயர், தேதியோடு தெரியும் அந்தச் சின்னக் கட்டம் வெறும் முகப்பு. கையொப்பம் கோப்பின் உள்ளே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகத் தெரிந்துவிடும்.

நான் எதை வாங்க வேண்டும்?

கிளாஸ் 3 சான்றிதழ். கிளாஸ் 2 வழங்குவது 2021 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரிடம், அதாவது சிசிஏவிடம், உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் இதை வழங்கலாம். இமுத்ரா, காப்ரிகார்ன், என்கோட், வெராசிஸ் போன்றவை அப்படி உரிமம் பெற்றவை. அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு வாங்கலாம். சாவி ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். பார்க்கப் பென் டிரைவ் மாதிரிதான், ஆனால் அதிலிருந்து சாவியை வெளியே நகல் எடுக்க முடியாது. கணக்கு அந்த டோக்கனுக்குள்ளேயே நடந்து, விடை மட்டும்தான் வெளியே வரும்.

மின் டெண்டர்களில் கலந்துகொள்பவர்கள் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே கையொப்பச் சான்றிதழோடு மறையாக்கத்துக்கென்று, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதற்கென்று, இரண்டாவதாக ஒரு சான்றிதழும் கேட்பார்கள்.

டோக்கனைச் செருகினேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை.

டோக்கனுக்கு அதன் டிரைவரை, அதாவது கணினி அதை அடையாளம் காண உதவும் மென்பொருளை, நிறுவ வேண்டும். இபாஸ், பிராக்ஸ்கீ, எம்டோக்கன் என்று ஒவ்வொரு வகைக்கும் டிரைவர் வேறு. ஒன்றின் டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது. நிறுவியதும் டோக்கனின் சொந்த மென்பொருளைத் திறந்து பின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். சான்றிதழ் அங்கே தெரிந்தால் டோக்கன் நலமாக இருக்கிறது, சிக்கல் வேறெங்கோ என்று அர்த்தம். அங்கேயே தெரியவில்லை என்றால் ரீடரிலோ போர்ட்டலிலோ எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை.

முதல் வேலையாகத் தொடக்கப் பின் எண்ணை மாற்றிவிடுங்கள். ஒரே வகை டோக்கன்கள் எல்லாம் ஒரே தொடக்க எண்ணோடு வருவது சகஜம். அதை மாற்றாமல் வைத்திருந்தால் டோக்கன் கையில் கிடைத்த எவரும் உங்களுக்காகக் கையொப்பமிடலாம்.

ரீடரில் கையொப்பமிடப் போனால் என் சான்றிதழ் பட்டியலில் வரவில்லை. அல்லது இரண்டு வருகிறது.

வரவில்லை என்றால் ரீடரை முழுவதும் மூடிவிட்டு, டோக்கனைச் செருகி, பிறகு ரீடரைத் திறங்கள். பல நேரம் இதுவே போதும். அப்போதும் வரவில்லை என்றால் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, சிக்னேச்சர்ஸ் பகுதியில் ஐடென்டிட்டீஸ் அண்ட் டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ் என்பதன் எதிரே உள்ள மோர் பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் டிஜிட்டல் ஐடிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். சில டோக்கன்கள் ரீடரின் புரொடக்டட் மோடு ஓடும்போது தெரிவதில்லை. அப்படியானால் செக்யூரிட்டி என்ஹான்ஸ்டு பகுதியில் அதைத் தற்காலிகமாக நிறுத்திக் கையொப்பமிட்டுவிட்டு, மறக்காமல் திரும்ப இயக்கிவிடுங்கள். கண்ட பிடிஎஃப்பிலிருந்தும் கணினியைக் காக்கும் ஏற்பாடு அது, நிரந்தரமாக நிறுத்தி வைப்பது ஆபத்து.

இரண்டு வந்தால் ஒன்று பெரும்பாலும் காலாவதியான பழைய சான்றிதழ். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டிலும் ஒரே பெயர்தான் இருக்கும். முடிவுத் தேதியைப் பாருங்கள். இரண்டு பேருடைய டோக்கன்களை ஒரே நேரத்தில் செருகி வைக்கவும் வேண்டாம். டைரக்டர் போட வேண்டிய இடத்தில் அவருடைய தம்பியின் கையொப்பம் விழுந்து, படிவம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. இது போலியா?

இந்தக் கேள்விதான் மிக அதிகம் வருகிறது. இ-ஆதார் பதிவிறக்கியவர்கள் கேட்கிறார்கள், இ-சேவையில் வருமானச் சான்றிதழ் வாங்கியவர்கள் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். கேள்விக்குறிக்குப் பொருள் 'கையொப்பமிட்டவரின் சான்றிதழை வழங்கியவரை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை' என்பதுதான். போலி என்று அது சொல்லவில்லை. சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் கதை வேறு. அதை ஒருபோதும் கடந்து போகாதீர்கள்.

இந்தியாவில் கொடுக்கப்படும் எல்லாச் சான்றிதழ்களுக்கும் மேலே சிசிஏவின் மூலச் சான்றிதழ் இருக்கிறது. அதற்குக் கீழே உரிமம் பெற்ற நிறுவனம், அதற்குக் கீழே நீங்கள். இது ஒரு சங்கிலி. உங்கள் ரீடரின் நம்பிக்கைப் பட்டியலில் அந்த மூலச் சான்றிதழ் இல்லையென்றால் சங்கிலியை மேலே வரை தொடர்ந்து போக முடியாமல் அது கேள்விக்குறியோடு நின்றுவிடுகிறது.

தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. சிசிஏவின் இணையதளத்திலிருந்து மூலச் சான்றிதழை இறக்கி விண்டோஸின் நம்பகமான மூலச் சான்றிதழ்கள் பட்டியலில் நிறுவுவது ஒன்று. அப்புறம் ரீடரின் பிரிஃபரன்சஸில் சிக்னேச்சர்ஸ், வெரிஃபிகேஷன், மோர் என்று போனால் அடியில் விண்டோஸ் இன்டக்ரேஷன் என்று ஒரு பகுதி இருக்கும். விண்டோஸின் மூலச் சான்றிதழ்களை நம்பச் சொல்லும் கட்டங்கள் அங்கே உள்ளன, அவற்றை டிக் செய்துவிட்டு ஆவணத்தை மறுபடி திறங்கள். ஒரு தடவை செய்தால் அந்தக் கணினியில் அந்த மூலத்தின் கீழ் வரும் எல்லா ஆவணங்களுக்கும் பச்சை டிக் வரும்.

இன்னொரு வழி, கையொப்பத்தின் மேல் வலது கிளிக் செய்து, சிக்னேச்சர் பிராப்பர்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், டிரஸ்ட் என்று போய் அந்தச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு: என்ன இருக்கிறதென்று பார்க்காமலே சேர்த்துவிடுகிறார்கள். இன்னொருவர் பெயரில் தானே ஒரு சான்றிதழ் தயாரித்துக் கையொப்பமிடுவது யாருக்கும் முடிகிற காரியம். நீங்களாகவே அதை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் அதற்கும் பச்சை டிக் வரும். ஆகவே சேர்க்கும் முன் சங்கிலியின் உச்சியில் சிசிஏ இருக்கிறதா என்று பாருங்கள். மூலச் சான்றிதழின் விரல்ரேகை எண், சிசிஏ தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் கையொப்பம் செல்லுமா?

காகிதத்தில் கையொப்பம் இல்லை, அதன் முகப்புப் படம்தான் இருக்கிறது. அதைப் பார்த்து எவராலும் எதையும் சரிபார்க்க முடியாது. சில அலுவலகங்கள் பிரின்ட்டை ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ வைத்துத் தங்கள் தளத்தில் சரிபார்த்துக்கொள்கின்றன. அது அவர்களுடைய ஏற்பாடு. உங்களிடம் மூலக் கோப்பு எப்போதும் பத்திரமாக இருக்கட்டும்.

ஜிஎஸ்டி, வருமான வரி போர்ட்டல்களில் மட்டும் வேலை செய்ய மறுக்கிறதே?

உலாவி நேரடியாக டோக்கனைத் தொட முடியாது. நடுவில் ஒரு சின்ன மென்பொருள் ஓட வேண்டும். ஜிஎஸ்டிக்கு எம்சைனர், வருமான வரிக்கு எம்பிரிட்ஜ். அது கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் தெரியும். ஜிஎஸ்டியில் எம்சைனரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வந்தால், உலாவியில் 127.0.0.1 என்ற முகவரியை 1585 என்ற போர்ட் எண்ணோடு திறந்து, வரும் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ளச் சொல்வார்கள். அந்த முகவரி உங்கள் சொந்தக் கணினியையே குறிக்கிறது, அதனால் இந்த ஓர் இடத்தில் எச்சரிக்கையைத் தாண்டலாம். வேறு தளங்களில் இதே பழக்கம் வேண்டாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் இந்த இணைப்பை அடைப்பதும் உண்டு.

இன்னொன்று, சான்றிதழைப் புதுப்பித்தால் அது புதுச் சான்றிதழ். ஒவ்வொரு போர்ட்டலிலும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதியன்று இரவு இது நினைவுக்கு வந்து தவித்தவர்கள் நிறையப் பேர். சான்றிதழில் உள்ள பேன் எண்ணும் போர்ட்டலில் கையொப்பமிட உரிமை பெற்றவரின் பேன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும் (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மைகள்) ஜிஎஸ்டியில் டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், கட்டாயம் என்பதால் இதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் படிவங்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

எம்சிஏவின் மூன்றாம் பதிப்புப் போர்ட்டலில் படிவத்தை இணையத்திலேயே நிரப்பி, பிறகு பிடிஎஃப்பாக இறக்கிக் கையொப்பமிட்டு, மறுபடி ஏற்றுகிறோம். டைரக்டரின் டிஎஸ்சியை அவருடைய டின் எண்ணோடும் (டைரக்டர் அடையாள எண்), சான்றளிக்கும் நிபுணரின் டிஎஸ்சியை அவருடைய உறுப்பினர் எண்ணோடும் முதலில் இணைத்திருக்க வேண்டும். இறக்கிய கோப்பை உலாவியில் திறந்து பிரின்ட் வழியாகப் புதிதாகச் சேமிக்காதீர்கள். இறக்கியபடியே ரீடரில் திறந்து கையொப்பமிடுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கே ஒரு படிவம் தயாரிக்கிறேன். மூன்று பேர் கையொப்பமிட வேண்டும். எப்படி அமைப்பது?

பயணச் செலவுப் படிவம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் தொகையை நிரப்பிக் கையொப்பமிடுவார், மேலாளர் ஒப்புதல் தருவார், கணக்குப் பிரிவு கடைசியாகப் போடும்.

அக்ரோபாட் புரோவில் பிரிப்பேர் ஃபார்ம் திறந்து மூன்று கையொப்பக் கட்டங்களை வையுங்கள். ஒவ்வொன்றின் பிராப்பர்டீஸிலும் சைன்டு என்று ஒரு தாவல் இருக்கும். படிவத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அங்கே ஒன்றும் மாற்றாமல் விட்டால், ஊழியர் கையொப்பமிட்ட பிறகும் தொகைக் கட்டம் திறந்தே கிடக்கும். மேலாளர் 4,500 என்று பார்த்து ஒப்புதல் கொடுத்த படிவத்தில், பிறகு வேறொருவர் எண்ணை மாற்றி எழுத இடம் இருக்கும். மாற்றம் நடந்ததைக் கையொப்பப் பலகை காட்டும்தான். ஆனால் அவசரத்தில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

ஆகவே ஊழியரின் கட்டத்தில் 'மார்க் ஆஸ் ரீட் ஒன்லி' என்பதைத் தேர்ந்து, அவர் நிரப்பிய கட்டங்களை மட்டும் பட்டியலிடுங்கள். மேலாளரின் கட்டத்தில், கணக்குப் பிரிவு நிரப்ப வேண்டியவை தவிர மற்ற எல்லாம் பூட்டும்படி வையுங்கள். கடைசிக் கையொப்பத்துக்கு எல்லாக் கட்டங்களும். கட்டங்களுக்கு டெக்ஸ்ட்1, டெக்ஸ்ட்2 என்ற பெயரையே விட்டுவைக்காமல் தொகை, தேதி, நோக்கம் என்று பெயர் வைத்திருந்தால்தான் இந்தப் பட்டியலைப் பிழையில்லாமல் போட முடியும்.

படிவத்தை வெளியிடும் அலுவலகமே அதற்கு முத்திரை வைப்பது போல முதலில் சர்டிஃபை செய்யலாம். அது முதல் கையொப்பமாக மட்டுமே இருக்க முடியும். அப்போது மூன்று அனுமதி நிலைகள் கேட்கப்படும்: ஒன்று, எந்த மாற்றமும் கூடாது; இரண்டு, நிரப்பலாம், கையொப்பமிடலாம்; மூன்று, அவற்றோடு குறிப்பும் எழுதலாம். பலர் பாதுகாப்பு என்று நினைத்து முதலாவதைத் தேர்கிறார்கள். அப்புறம் யாராலும் நிரப்பவும் முடியாது, கையொப்பமிடவும் முடியாது. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது.

அனுப்பும் முன் மூன்று பேராக நீங்களே நடித்து ஒரு முறை முழுவதும் கையொப்பமிட்டுப் பாருங்கள். பரிசோதனைக்கு ரீடரே தரும் சுயச் சான்றிதழ் போதும்.

கையொப்பமிட்ட கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தோம். கையொப்பங்கள் எங்கே போயின?

அழிந்துவிட்டன. கையொப்பம் அந்தக் கோப்பின் ஒவ்வொரு பைட்டோடும் கட்டுண்டது. கோப்புகளை இணைத்தால், அளவைச் சுருக்கினால், பக்கத்தைப் பிரித்தால், பிரின்ட் வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் கிடைப்பது புதுக் கோப்பு. நான் உதவிய ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் கையொப்பமிட்ட கடன் ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்ப வசதியாக இருக்கும் என்று யாரோ ஒரே கோப்பாக இணைத்துச் சுருக்கி, மூலங்களையும் அழித்துவிட்டார்கள். நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். முழுவதையும் முதலிலிருந்து செய்ய இரண்டு வாரம் போயிற்று. முதலில் இணையுங்கள், சுருக்குங்கள், பக்க எண் போடுங்கள். எல்லாம் முடிந்த பின் கையொப்பமிடுங்கள். தனித்தனிக் கோப்புகளை ஒரே கட்டாக அனுப்ப வேண்டுமென்றால் ஜிப் செய்து அனுப்பலாம், அதனால் கையொப்பத்துக்கு ஒன்றும் ஆகாது.

சான்றிதழ் காலாவதியானால் பழைய கையொப்பங்களும் செல்லாமல் போகுமா?

கையொப்பமிட்ட நாளில் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால் அந்த நாள் எது என்பதை எப்படி நிரூபிப்பது? டைம்ஸ்டாம்ப், அதாவது நேர முத்திரை, இல்லாத கையொப்பத்தில் பதிவாவது உங்கள் கணினியின் கடிகார நேரம். அதை யார் வேண்டுமானாலும் பின்னோக்கித் திருப்பலாம். அதனால்தான் நேர முத்திரை சேவையகத்தின் முகவரியைப் பிரிஃபரன்சஸ், சிக்னேச்சர்ஸ், டாக்குமென்ட் டைம்ஸ்டாம்பிங் பகுதியில் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். முகவரியை உங்களுக்குச் சான்றிதழ் தந்த நிறுவனத்திடம் கேளுங்கள். கூடவே கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ் பகுதியில் சான்றிதழின் ரத்து நிலையையும் கையொப்பத்தோடு சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். கையொப்பமிடும்போது இணைய இணைப்பு இருக்க வேண்டும். 10 ஆண்டு வைத்திருக்க வேண்டிய ஒப்பந்தங்களுக்கு இந்த இரண்டும் இல்லாமல் கையொப்பமிட வேண்டாம்.

ஆதார் ஓடிபி கொடுத்துப் போடும் இ-சைன் இதற்குச் சமமா?

சட்டப்படி அதுவும் ஏற்கப்பட்டதே. அங்கே டோக்கன் இல்லை. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாகச் சாவி உருவாகி, பயன்பட்டதும் அழிக்கப்படுகிறது. அந்தச் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். காலாவதித் தேதியைப் பார்த்து இது செல்லாது என்று ஆவணத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, அது தவறு. வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம் போன்று எப்போதாவது கையொப்பமிடுபவருக்கு இ-சைன் எளிது. மாதாமாதம் போர்ட்டலில் தாக்கல் செய்பவருக்கு டோக்கன்தான் சரி.

ஆனால் உயில் எழுதுகிறவர்கள் இரண்டையும் நம்பிவிடக் கூடாது. உயிலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தாது. காகிதமும் பேனாவும் சாட்சிகளும்தான்.

ஆடிட்டரிடமே டோக்கனையும் பின் எண்ணையும் கொடுத்து வைத்திருக்கிறோம். தவறா?

தவறுதான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. மேசை இழுப்பறையில் இருபது முப்பது டோக்கன்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயரும் பின் எண்ணும் எழுதிய ஸ்டிக்கர் என்று நான் பார்த்த அலுவலகங்கள் பல. அங்கே வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள், கடைசித் தேதி நெருக்கடியில் உழைப்பவர்கள். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்த யாரும் உங்களை ஒரு கம்பெனியிலிருந்து ராஜினாமா செய்ய வைக்கலாம், நீங்கள் கேள்விப்படாத கம்பெனிக்கு டைரக்டராக ஆக்கலாம். அந்தக் கையொப்பம் உங்களுடையது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நான் போடவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

ரகசியச் சாவியைத் தக்க கவனத்தோடு காப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்று சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. மற்றவருடைய மின்னணுக் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆடிட்டரைச் சங்கடப்படுத்தாமல் எப்படி மாற்றுவது? அவர் தயாரித்த பிடிஎஃப்பை மின்னஞ்சலில் வாங்கி, உங்கள் கணினியில் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பலாம். போர்ட்டலிலேயே கையொப்பமிட வேண்டியவற்றுக்கு, ஒரு நாளைக் குறித்து நேரில் டோக்கனோடு போய் உங்கள் கையால் பின் எண்ணைப் போடலாம். முன்பே சொல்லி வைத்தால் எந்த ஆடிட்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரும்பாலோருக்கு அந்த இழுப்பறைப் பொறுப்பு ஒரு பாரமாகவே இருக்கிறது.

பின் எண் மறந்துவிட்டது. அல்லது டோக்கனே தொலைந்துவிட்டது.

மறந்திருந்தால் ஊகித்து ஊகித்துப் போடாதீர்கள். தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அதை இனிஷியலைஸ் செய்தால் டோக்கன் புதிதாகும், ஆனால் உள்ளே இருந்த சாவி போய்விடும். சாவிக்கு வேறெங்கும் நகல் கிடையாது, புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும்.

தொலைந்திருந்தால் அன்றைக்கே சான்றிதழ் தந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு அதை ரத்து செய்யச் சொல்லுங்கள், எழுத்து மூலமாகவும் அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே எங்காவது இருக்கும் என்று ஒரு வாரம் தேட வேண்டாம். ரத்து செய்த பிறகு டோக்கன் கிடைத்தால் இழப்பு ஒரு சான்றிதழின் விலைதான். அப்புறம் எம்சிஏ, வருமான வரி, ஜிஎஸ்டி மூன்றிலும் உங்கள் பெயரில் கடைசியாக என்னென்ன தாக்கலாகியிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.